நாலு மில்லிமீட்டர்

நவம்பர் 3

மழைக்காக ஐந்து வாரம் மூடி வைத்திருந்த ஆஸ்டின் காரை இன்று காலை எடுத்தேன். உடனே ஸ்டார்ட் ஆனது. இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு உள்ளே யாரோ கரண்டியை விட்டெறிந்த மாதிரி ஒரு சத்தம். அதன் பின் நொண்டத் தொடங்கியது. நிறுத்திவிட்டேன்.

காஜா பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கிறார். பதினெட்டு வருடமாக என் வண்டியில் கைவைக்க நான் அனுமதிக்கும் ஒரே மெக்கானிக். மதியம் வந்து எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். ஒரு வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் தள்ளப்போன புஷ் ராடு வளைந்துவிட்டது.

புஷ் ராடு என்பது ஒரு சாண் நீளக் கம்பி. கீழே சுற்றும் தண்டு கொடுக்கும் தள்ளலை மேலே வால்வு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதற்கு வேலை. நாலு சிலிண்டருக்கு எட்டுக் கம்பி.

"ஒண்ணுதானுங் சார் வளைஞ்சிருக்குது. இதே அளவுல பழைய ராடு ஒண்ணு தேடிப் புடிச்சாப் போதுமுங்" என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1951-ஆம் வருட வண்டிக்கு, அந்த வருடத்துக்குரிய கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன புதிய ராடுகள், எட்டும் ஒரே செட்டாகப் போட வேண்டும். ஜனவரி 12 அன்று ஆனைகட்டிக்கு எங்கள் பழைய கார்க் கழகத்தின் ராலி. இன்னும் எழுபது நாள் இருக்கிறது.

"ஒரு கம்பி வளைஞ்சா எட்டும் மாத்தோணுமா? அப்பிடீன்னா எனக்கு ஒரு பல்லு ஆடுது" என்றாள் சுலோச்சனா. என் மனைவி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. எடுத்துக்காட்டு சொல்லாமல் பேச வராது.

நவம்பர் 5

பர்மிங்காமில் உள்ள உதிரிபாகக் கடைக்கு எழுதினேன். வண்டியின் வருடம், மாடல், எஞ்சின் எண் மூன்றும் கேட்டிருந்தார்கள். எஞ்சின் மேல் பித்தளைத் தகட்டில் உள்ள எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்று. அப்பா வாங்கியபோது இருந்த அதே எஞ்சின். கழகத்தில் இருபத்தோரு வண்டிகள் இருக்கின்றன. எத்தனை பேர் இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியும்?

எட்வின் ஞானையா சொல்ல முடியாது. அவருடைய மாரிஸ் வண்டியில் இருக்கும் கார்புரேட்டர் வேறு காருடையது என்று போன வருடம் நான்தான் கண்டுபிடித்தேன். அசல் பாகங்கள் மட்டுமே இருக்கலாம் என்கிற விதி 7(ஆ)-வின்படி ராலியிலிருந்து நீக்கினோம். விதியை எழுதியது நான். பதினோரு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். யாராவது எழுதத்தானே வேண்டும். இதில் தனிப்பட்ட விரோதம் ஏதும் கிடையாது.

இருபது வருடம் இருவரும் ஒன்றாக ரேஸ் கோர்ஸில் காலை நடை போனவர்கள். இப்போது அவர் வலச்சுற்று, நான் இடச்சுற்று. அதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எதிரெதிரே வர வேண்டியிருக்கிறது. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

நவம்பர் 9

குடிநீர் வடிகட்டிக்கு ஃபில்ட்டர் மாற்ற ஆள் வந்தான். தவறான அளவு கொண்டு வந்திருந்தான். திருப்பி அனுப்பினேன்.

நவம்பர் 21

பார்சல் வந்தது. எட்டு ராடுகளும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி. என் வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். முப்பத்தொரு வருடம் முத்திரை ஆய்வாளராகக் கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதித்தவன் நான். அளவு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

புதிய ராடுகள் புத்தகத்தில் சொன்ன நீளத்துக்கு அப்படியே இருந்தன. பழையவை நாலு மில்லிமீட்டர் குட்டை.

காஜா பாய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். "புதுசு இந்த எஞ்சினுக்குச் சேராதுங் சார். அடிக் குமிழும் பெருசா இருக்குது பாருங்."

"பழசு எழுபது வருஷத்துல தேஞ்சிருக்கும், பாய்."

"எட்டும் ஒண்ணா சொல்லி வெச்ச மாதிரி நாலு மில்லி தேயுமுங்களா?"

கேள்வி நியாயமான கேள்விதான். புத்தகத்தை அவரிடம் காட்டினேன்.

நவம்பர் 23

மாட்டச் சொன்னேன். மாட்டினார். அட்ஜஸ்ட் செய்யும் திருகுகளை மேல் எல்லை வரைக்கும் தளர்த்தியும் வால்வுகள் முழுதாக மூடவில்லை. "கையால ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணலாமுங்" என்றார். புத்தகப்படி எல்லாம் சரியாக இருக்கும்போது எதற்கு என்று சுவிட்சைப் போட்டது நான். மூன்று ராடுகள் வளைந்தன.

மாட்டிய விதத்தில் ஏதோ கவனக்குறைவு இருக்கிறது என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. சுலோச்சனா மாடியிலிருந்து கேட்டது என்கிறாள். அவளுக்குக் காது கூர்மை.

காஜா பாய் கைகளை நிதானமாகத் துடைத்துக்கொண்டார். "வர்றேனுங் சார்" என்றார். திரும்பி வருகிறவர் சொல்கிற மாதிரி இல்லை.

நவம்பர் 29

சென்னை புதுப்பேட்டையிலிருந்து இன்னொரு செட் தருவித்தேன். அதுவும் புத்தகத்து நீளம். ஆக பர்மிங்காம், புதுப்பேட்டை, புத்தகம் மூன்றும் ஒரே பேச்சு. என் எஞ்சின் மட்டும் கேட்க மறுக்கிறது.

டிசம்பர் 1

சர்க்கரை 168. சோறு குறைக்க வேண்டுமாம். ரேஸ் கோர்ஸில் நாலு சுற்று போனேன். எட்டுத் தடவை.

டிசம்பர் 4

நான் பல் டாக்டரிடம் சுலோச்சனாவை விட்டுவிட்டு வந்தபோது வாசலில் காஜா பாயின் ஸ்கூட்டர் நின்றது. அவள்தான் முந்தாநாள் போன் செய்திருக்கிறாள். என்ன சொன்னாள் என்று பாயே சொன்னார்: "சார் மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டாருங், ஆனா காப்பி கெடைக்கும்னு அம்மா சொன்னாங்க."

காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பாய் டைனமோவைக் கழற்றி வைத்தார். அதன் பின்னால் எஞ்சின் உடம்பில் அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், இரும்போடு இரும்பாக வார்த்த எழுத்துகள் புடைத்துக்கொண்டு தெரிந்தன. என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"இது வார்ப்படத்துலயே போட்ட நம்பருங். யாரும் மாத்த முடியாது. இது உங்க காரு எஞ்சின் இல்லீங் சார். அதே கம்பெனி, ஆனா அஞ்சாறு வருஷம் பின்னால வந்தது. வெளிய பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ள எல்லாம் வேற. வேனுக்குப் போட்டது."

பித்தளைத் தகட்டைக் காட்டினேன்.

"தகடு உங்களுதுதானுங். ரிவிட்டப் பாருங். மூணு நேரா இருக்குது, ஒண்ணு கோணல். கம்பெனிக்காரன் இப்பிடியா அடிப்பான்?"

அந்தத் தகட்டை வாரம் ஒரு தடவை நான் என் கையால் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறேன்.

"இந்த எஞ்சின் வெச்ச வேன் கோயமுத்தூர்லயே ரெண்டுதான் ஓடுச்சுன்னு எங்க வாப்பா சொல்லுவாருங். ஒண்ணு ஆம்புலன்ஸ். இன்னொண்ணு ஞானையா பேக்கரி ரொட்டி வேனு."

மாலையில் சுலோச்சனா தாடை வீங்கித் திரும்பினாள். பேச முடியாத நிலையிலும் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

டிசம்பர் 5

வண்டிப் பக்கம் போகவில்லை. முருங்கையில் கம்பளிப்பூச்சி. மருந்து அடித்தேன்.

டிசம்பர் 9

இருக்கும் வழிகளை எழுதிப் பார்த்தேன். நீளமான ராடை லேத்தில் கொடுத்து நாலு மில்லிமீட்டர் வெட்டலாம். ஆனால் முனையில் இருக்கும் கெட்டித்தன்மை போய்விடும், ஆயிரம் கிலோமீட்டர் தாங்காது என்கிறார் காஜா பாய். வேன் எஞ்சினுக்குரிய ராடுகளை பர்மிங்காமிலேயே கேட்கலாம். கேட்க வேண்டுமானால் படிவத்தில் எஞ்சின் வகை என்ற இடத்தில் 'வேன்' என்று நானே என் கையால் எழுத வேண்டும். தவிர, கிறிஸ்துமஸ் நேரம், ராலிக்குள் வராது.

"பேக்கரிக்குப் போயிக் கேட்டா பத்து நிமிஷ வேலை" என்றாள் சுலோச்சனா.

அவள் இந்த ஒரு வருடமும் அங்கேதான் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது இன்றுதான் எனக்குத் தெரியும். ரொட்டி நன்றாக இருக்கிறது என்று நான்தான் பல முறை சொல்லியிருக்கிறேனாம்.

டிசம்பர் 14

பேக்கரிக்குப் போனேன். ரஸ்க் வாங்கத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ரஸ்க்கும் வாங்கினேன்.

கிறிஸ்துமஸ் கேக்குக்காக உள்ளே திராட்சையும் முந்திரியும் மலையாகக் கொட்டிக் கிடந்தன. எட்வின் மர ஸ்டூலில் உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிலும் கல்லாவில் உட்காராமல் இந்த வேலையைச் செய்கிற ஆள். என்னைப் பார்த்ததும் எழவில்லை. இன்னொரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார்.

"ராடு எத்தனை வளைஞ்சுது?" என்றார்.

காஜா பாய் சொன்னாரா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தேன்.

"காஜா பாய் சொல்லல. நீ நவம்பர்லேர்ந்து நடக்கறப்ப தரையப் பாத்துட்டு நடக்கற. சுலோச்சனாகிட்டக் கேட்டேன், புஷ் ராடு சேரலைன்னாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு. அது எப்பிடிச் சேரும்?"

"உனக்குத் தெரியுமா?"

"அந்தத் தகட்டைப் பேத்து எங்க வேன் எஞ்சின்ல அடிச்சதே நான்தாம்ப்பா. நாலாவது ரிவிட் கோணலாப் போச்சு. எங்கப்பா மண்டையில ஒரு தட்டுத் தட்டுனார்."

அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1974. அவர்கள் வேனின் அடிச்சட்டம் இற்றுப்போய், எஞ்சின் மட்டும் நல்லபடி இருந்த சமயம். என் அப்பா ஒரு நாள் காலையில் பேக்கரிக்கு வந்தார். பஞ்சு ஜின்னிங் ஃபேக்டரி முதலாளி, வெள்ளை வேட்டி, உள்ளே வந்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். காரின் எஞ்சின் வெடித்துவிட்டது, தண்ணீரே இல்லாமல் யாரோ ஓட்டியிருக்கிறார்கள் என்றார். உங்கள் எஞ்சினைக் கொடுங்கள், வெளியே மட்டும் தெரியக் கூடாது என்றார்.

"யாரு ஓட்டுனதுன்னு எங்கப்பா கேட்டார். 'பையன்தான். பதினாறு வயசு. பயந்துபோயிக் கெடக்கான், நாலு நாளாச் சாப்பிடல. அவனுக்குத் தெரிஞ்சா காலத்துக்கும் மனசுல வெச்சிருப்பான்'னார் உங்கப்பா. வண்டி பெயிண்ட் அடிக்கப் போயிருக்குன்னு உங்கிட்டச் சொல்லியிருந்தாராமே?"

சொன்னார். மூன்று வாரம்.

இப்போது நினைவுக்கு வருகிறது. அப்பா மெட்ராஸ் போயிருந்த சமயம். நானும் மூன்று பேரும் ஆழியாறு அணைக்குப் போனோம். திரும்பும்போது கிணத்துக்கடவு பக்கம் முன்னால் ஆவி வந்தது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். அப்பா எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவாரோ என்று ஓட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் நடந்தது. கொஞ்சம் சூடாகிவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

"போன வருஷம் நான் உன்னைத் தூக்கினப்ப நீ சொல்லியிருக்கலாமே" என்றேன்.

எட்வின் முந்திரி உடைப்பதை நிறுத்தவில்லை. "உங்கப்பா கேட்டுக்கிட்டார், சரின்னேன். அதுல எந்த வருஷம் வரைக்கும்னு பேச்சில்ல. அதுவுமில்லாம, வருஷா வருஷம் நீ எங்க ரொட்டி வேன் எஞ்சினை வெச்சுக்கிட்டு மேடையேறி ஒரிஜினல் ஒரிஜினல்னு பேசுவே பாரு. அதைக் கேக்கறதுக்காகவே நான் முன் வரிசையில உக்காருவேன். அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துக்க மனசு வரல."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். கிரீஸ் தடவி, செய்தித்தாளில் சுற்றிய எட்டு ராடுகள். வேனுக்காக அவர் அப்பா வாங்கி வைத்து, மாட்டாமலே போனவை. வெர்னியர் கையில் இல்லை. தேவைப்படவும் இல்லை.

"கேக் ஒண்ணு எடுத்துட்டுப் போ. சுலோச்சனாவுக்கு" என்றார்.

டிசம்பர் 15

எட்டும் அளந்தேன். சரியாக இருக்கின்றன.

டிசம்பர் 18

காஜா பாய் மாட்டினார். இந்தத் தடவை முதலில் கையால் இரண்டு சுற்று சுற்றினோம். பிறகு ஸ்டார்ட் செய்தார். துளி அதிர்வு இல்லை; பானட் மேல் நிறுத்திய ஒரு ரூபாய்க் காசு விழவில்லை.

பாயிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். "அட விடுங் சார், எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார். எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னேன். அவர் ஸ்பேனர்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அடிக்கடி மூக்கை உறிஞ்சினார். மார்கழிப் பனி அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

டிசம்பர் 22

விதி 7(ஆ)-வுக்குத் திருத்தம் தயார் செய்தேன். "அந்தந்தக் காலத்தைச் சேர்ந்த மாற்று எஞ்சின், கார்புரேட்டர் முதலியன அனுமதிக்கப்படும்." நோக்கம் என்ற இடத்தில், "மூத்த உறுப்பினர் திரு. எட்வின் ஞானையாவுக்கு நேர்ந்த மனவருத்தத்தைக் கருத்தில் கொண்டு" என்று எழுதினேன்.

சுலோச்சனா வாசித்தாள். வாத்தியாரம்மா விடைத்தாளைப் பார்க்கிற பார்வை. "விடை சரி. ஸ்டெப்பு எதையும் காணோமே" என்றாள்.

டிசம்பர் 29

பொதுக்குழு. எட்வினும் வந்திருந்தார். காஜா பாய் போன்ற மெக்கானிக்குகளும் வழக்கம்போலப் பின்வரிசையில்.

திருத்தத்தை வாசித்தேன். கைத்தட்டல். தலைவர் ஜெயவேலு, நூற்பாலைக்காரர், உணர்ச்சிவசப்படுகிற ஆள், எழுந்து என் தோளைத் தட்டினார். "விதியப் போட்டவரே நண்பருக்காக விட்டுக் குடுக்கறார் பாருங்க. இதுதானுங்க பெருந்தன்மை!" நான் மறுக்கவில்லை. மறுக்கும்படியாக அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

எட்வின் கை தூக்கினார். "ரொம்ப நன்றி. இதுல ஒரு வரி சேத்துக்கலாமா? அவங்கவங்க வண்டியில என்ன மாத்தியிருக்குன்னு அவங்கவங்களே எழுதிக் குடுத்துடணும்."

அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"நானே ஆரம்பிக்கறேன். என் மாரிஸ்ல கார்புரேட்டர் மட்டுமில்ல, பெட்ரோல் டேங்கும் வேற. செயலாளர் கண்ணுல அது படல" என்றார்.

சிரிப்பு அடங்குவதற்குள் டாக்டர் வத்சலா எழுந்தார். தன் வண்டியின் கியர் பாக்ஸ் ஜீப்புடையது என்றார். நாலு வருடமாகச் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் தூக்கம் கெட்டதாம். அடுத்து விங் கமாண்டர் தாமோதரன்: பின் ஆக்சில் அம்பாசடர். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருவர் வண்டியின் முன்பாதி ஒரு வருடம், பின்பாதி இன்னொரு வருடம். தலைவருடைய வண்டியில் ஒலிப்பான் மட்டும்தான் கம்பெனி கொடுத்ததாம். "அதுவும் அடிக்காதுங்க" என்றார் அவரே. பதினோரு வருடமாக என் விதியால் ஒருவர் கண்ணில் ஒருவர் மண்ணைத் தூவிக்கொண்டு, ஒருவருக்கொருவர் பரிசும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இருபது பேர் சொல்லி முடித்தார்கள்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நல்லவேளை, நம்ம செயலாளர் வண்டி ஒண்ணாச்சும் அசலா இருக்குதே! கழகத்தோட மானத்தைக் காப்பாத்தறதுக்கு அது போதுமுங்க."

கை தட்டினார்கள். எட்வினும் தட்டினார். நான் பேசாமல் இருந்திருந்தால் அவரும் கடைசி வரை பேசியிருக்க மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"என்னோடது எஞ்சினே வேறங்க. ரொட்டி வேனோடது" என்றேன்.



"எந்த ரொட்டி?" என்றார் தலைவர். அந்த நேரத்தில் அவருக்கு வேறு கேள்வி தோன்றவில்லை போலும்.

"எங்க ரொட்டிதாங்க" என்றார் எட்வின்.

முதலில் சிரித்தது காஜா பாய். பிறகு அந்தக் கூடத்தில் சிரிக்காதவர் நான் ஒருவன்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

டிசம்பர் 30

காலையிலிருந்து கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறேன். மற்றவர்களுடையதை ஆளுக்கொரு வரியில் முடித்துவிட்டேன். என்னுடையதுதான் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போகிறது. கூட்டத்தில் வேன் எஞ்சின் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். குறிப்பில் ஆழியாறு, கிணத்துக்கடவு, ஆவி எல்லாம் வந்துவிட்டன.

சுலோச்சனா தோளுக்கு மேலாக வாசித்தாள். "உங்கப்பா உங்களை ஒரு வார்த்தைகூட திட்டலையா?"

"இல்லை."

"ஒண்ணுமே கேக்கலையா?"

கேட்டார். மூன்று வாரம் கழித்து வண்டி வீட்டுக்கு வந்த அன்று என்னை வெளியே கூப்பிட்டார். கூடவே வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெயிண்ட் எப்படிடா வந்திருக்குது என்றார். நான் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

அதே பழைய பெயிண்ட். இடது கதவில் நான் மாட்டுவண்டியில் உரசிய கீறல்கூட அப்படியே இருந்தது.